காயப்போட்ட நாத்தனார்

ஓடைப்பட்டியில் வெயில் பத்தவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கர்ணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"என்ன டாக்டரம்மா சொல்லுறீக? எங்க ஊருலயா வெயிலு பத்தல? சித்திரையில வந்து பாருங்க, காக்கா கூட பறக்காது. நெழலு பாத்து நடந்துதான் போகும்."

தேனியில் மூட்டு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஜெபஷீலா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "ஊர்ல இருக்குங்க. உங்க சம்சாரம் ரத்தத்துல இல்ல. விட்டமின் டி தரைமட்டத்துல கிடக்கு."

ராமுத்தாய் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அவள் கவலை விரல். காலையில் எழுந்தால் பத்து விரலும் விறகுக்கட்டை. பேஸ்ட் மூடியைத் திருக முடியாது, காபி டம்ளரைப் பிடிக்க முடியாது, சேலை கொசுவம் வைக்க முடியாது. மணி ஒன்பது அடித்த பிறகுதான் விரல்கள் ஒவ்வொன்றாக மனம் இரங்கும். பிறகு சாயங்காலம் வரை நல்ல பிள்ளையாக வேலை செய்யும். மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். உடம்புக்குள் ஒரு காவல்படை இருக்கிறதாம். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய அந்தப் படை, புத்தி பிசகி, சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம்.

"காவலுக்கு வளத்த நாயி வீட்டுக்காரன் கெண்டைக்காலையே கவ்வுது" என்றார் கர்ணன்.

"கிட்டத்தட்ட அதான்."

"அப்ப நாயக் கட்டிப்போடணும்."

"அதுக்குத்தான் இந்த மஞ்ச மாத்திரை. வாரத்துல ஒருநாள் மட்டும். இந்தப் பொடிப் பாக்கெட் விட்டமின், இதுவும் வாரத்துல ஒண்ணுதான், பால்ல கலந்து. பொடி குறையை நிரப்பும், அவ்வளவுதான். நோயைப் பாத்துக்கிறது மாத்திரை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க." பிறகு கேட்டார்: "அம்மா எங்க வேலை பாக்குறாங்க?"

"திராட்சைத் தோட்டத்துல. காலையில போனா பொழுது சாய."

"திராட்சைக் கொடி எங்க படருது?"

"பந்தல்ல."

"இவங்க பந்தலுக்கு மேல நிக்கிறாங்களா, கீழ நிக்கிறாங்களா?"

கர்ணன் மெதுவாக உட்கார்ந்தார். காலமெல்லாம் பந்தல் நிழலில், அவருடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குலை வெட்டிய பெண்டாட்டிக்கு வெயில் எந்த ஓட்டை வழியாக வரும்?

டாக்டரிடம் ராமுத்தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வைகாசிக்குள்ள விரலு மடங்கிருமா?"

வைகாசியில் அவள் தம்பி சுரேஷ்கண்ணனுக்குக் கல்யாணம். அந்தப் பயலுக்குப் பெண் தேடியே குடும்பம் பாதி தேய்ந்துவிட்டது. பெண் பார்க்கப் போன வீடுகளில் தின்ற பஜ்ஜியைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு டீக்கடையே நடத்தியிருக்கலாம். நாற்பதை எட்டிப்பிடிக்கப் போகும் நேரத்தில், கம்பத்திலிருந்து யுவராணி என்ற புண்ணியவதி சம்மதம் சொன்னாள். மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு. மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு. அந்த நாத்தனார் ராமுத்தாய். தாய் போன பிறகு தம்பிக்கு அரைஞாண் கட்டியவள் அவள், பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் மாட்டியவள் அவள். இந்த முடிச்சை இன்னொருத்தி போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு அவள் உயிரோடு இருக்க வேண்டாம். அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் முகூர்த்தம் எத்தனை மணிக்கு? விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் தாலி. அவள் விரல்கள் அப்போது ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும்.

இதற்கு மேல் பஞ்சம்மாள் வேறு. பெரியப்பா மகள், ராமுத்தாயைவிட மூத்தவள், மயிலாடும்பாறையில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம் நிச்சயமான அன்றே ஆரம்பித்துவிட்டாள். "மூத்தவ நான் இருக்கேன்ல? முடிச்சு நானே போடுறேன்." கூடப்பிறந்தவள்தான் போடவேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கும் அவள் விடவில்லை. "போடட்டும், போடட்டும். அவளுக்கு என்னமும் முடியாமப் போனா நான் இருக்கேன்" என்று வாயால் ஒரு துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்துவிட்டாள். அதனால் விரல் விஷயம் மூன்றாவது காதுக்குப் போகக்கூடாது என்று ராமுத்தாய் புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"வைகாசிக்குள்ள கொஞ்சம் கொறையும். ஒழுங்கா மாத்திரை போட்டா" என்று டாக்டர் சொன்னார். 'கொஞ்சம்' என்ற சொல் ராமுத்தாய்க்குப் பிடிக்கவில்லை.

மஞ்சள் மாத்திரை முதல் வாரமே குமட்டியது. அதுதான் சாக்கு. திராட்சைக் கொடிக்கு வைத்தியம் பார்த்து முடி நரைத்த கர்ணன் டாக்டராகிவிட்டார்.

"இந்தா பாரு ராமு. கொடி எதுக்கு நோஞ்சானாகுது? நுண்ணூட்டம் கொறைஞ்சு. நுண்ணூட்டத்தக் குடுத்தா எல நிமிருது, பிஞ்சு பிடிக்குது. இந்தப் பொடி ஒனக்கு நுண்ணூட்டம். மஞ்ச மாத்திர பூச்சிமருந்து மாதிரி, அது எதுக்கு வயித்தப் புண்ணாக்கிக்கிட்டு? போன்ல கூட ஒருத்தர் பேசுறாரு, கோட்டு சூட்டு போட்டு. விட்டமின அள்ளிக் குடுத்தா இந்த மாதிரி நோயெல்லாம் துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடுமாம்."

"வாரத்துக்கு ஒண்ணுன்னுல்ல டாக்டரம்மா சொன்னாக?"

"கவாத்து வெட்டுன கொடிக்கு வாரத்துக்கு ஒரு டம்ளரா ஊத்துறோம்? கல்யாணத்துக்கு நாள் கெடக்கா? தெனம் ஒண்ணு போடு."

அவளுக்கு உள்ளுக்குள் உதைத்தது. ஆனால் வைகாசி வந்துகொண்டிருந்ததே! ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அது அளவும் அறியாது. மஞ்சள் மாத்திரை அரிசிப்பானைக்குப் பின்னால் போனது. பொடி தினமும் பாலில் விழுந்தது. ஒரே கடையில் கேட்டால் முறைப்பார்கள் என்று கர்ணன் சின்னமனூரில் கொஞ்சம், உத்தமபாளையத்தில் கொஞ்சம் என்று வாங்கி வந்தார்.

அதோடு நிறுத்தினாரா? இல்லை. ஒருநாள் ஏணியைச் சாத்திப் பந்தலில் ஏறி, கயிற்றுக்கட்டில் நீளத்துக்கு, கட்டில் அகலத்துக்கு, இலைகளை வழித்து எடுத்துவிட்டார். திராட்சைப் பந்தலின் நடுவே பளீரென்று ஒரு கட்டம் வெயில். அதற்குக் கீழே கட்டில். கட்டிலில் ராமுத்தாய். உச்சி வெயிலில் கையை விரித்துப் படுக்கவேண்டும். அரைமணிக்கு ஒருதரம் கர்ணன் வந்து, "திரும்பு" என்பார். அப்பளம் பொரிப்பவர் கூட அவ்வளவு கவனமாகத் திருப்பமாட்டார். சுற்றியிருந்த குலைகள் வெயில் பட்டு வெம்பிப் போயின. வழக்கமாக ஒரு குலை உதிர்ந்தாலே ஊரைக் கூட்டும் மனிதர், அதைப் பார்த்தும் பார்க்காதது போல் போனார். அதை ராமுத்தாய் கவனித்தாள். அதனால்தான் அந்தக் கூத்துக்கெல்லாம் அவள் உடன்பட்டாள்.

ஒரு மத்தியானம் கண்ணை மூடிக் கிடந்தவள் மேல் நிழல் விழுந்தது. பஞ்சம்மாள்!

"என்னடி இது? ஏ கர்ணா, எம் தங்கச்சியவா வத்தல் போட்டிருக்க?"

ராமுத்தாய் விரல்களைச் சட்டென்று அக்குளில் ஒளித்தாள். "சும்மா, கண்ணசந்தேன்க்கா."

"நெழலெல்லாம் கெடக்க, வெயில்லயா?" பஞ்சம்மாள் அவள் ஒளித்த கைகளையே பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் முந்தானைக்குள் இருந்தன. பங்குனி வெயிலில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் பிறவி அவள் ஒருத்திதான். கர்ணன் கொடுத்த மோரைக்கூட இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே டம்ளரை இடுக்கித்தான் குடித்தாள். "தேனிக்கு ஆட்டுச் சந்தைக்கு வந்தேன். அப்படியே எட்டிப் பாத்தேன்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ராமுத்தாய்க்கு வயிற்றைப் புரட்டியது. எழுந்து வரப்போரம் ஓடி ஓங்கரித்து வாந்தி எடுத்தாள். சில நாட்களாகவே இப்படித்தான். தாகமோ தாகம், குடத்தில் வாயை வைத்தால் எடுக்க மனம் வராது. குடித்த தண்ணீர் உடனே வெளியேறத் துடிக்கும். மற்றது வெளியேறவே மறுக்கும். சோற்றைக் கண்டால் வெறுப்பு. விரல் மட்டும் இம்மியும் தேறவில்லை. முன்னைவிட வீங்கியிருந்தது.

பஞ்சம்மாள் எல்லாவற்றையும் கவனித்தாள். தலையை ஆட்டினாள். போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தம்பியின் போன்.

"யக்கா..." சுரேஷ்கண்ணன் இழுத்தான். "நெசமா?"

"என்னலே?"

"நீ முழுகாம இருக்கியாமே?"

ராமுத்தாய்க்கு வயது நாற்பத்தெட்டு. மகள் சினேகா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

"ஏலே! எந்தக் கட்டையில போறவ சொன்னது?"

"பஞ்சக்கா ஊருபூராம் சொல்லிருச்சு. பொண்ணு வீட்டுல கூட கேட்டாக. எங் கல்யாணத்துல நீ வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா நான் எங்கனக்கா மூஞ்சிய வைக்கிறது?"

போனை வைத்தபோது கர்ணன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். வரும் வழியில் டீக்கடையில் நாலு பேர் அவருக்குக் கைகொடுத்திருக்கிறார்கள். மனிதருக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. அதை மறைக்கவும் தெரியவில்லை. ராமுத்தாய் பார்த்த பார்வையில் மீசை தானாக இறங்கியது.

அன்று சாயங்காலத்துக்குள் அடுத்த சேதி வந்தது. மாசமாக இருப்பவள் அதிகாலையில் எழுந்து அலைய வேண்டாம், முடிச்சைப் பஞ்சம்மாளே போடட்டும் என்று உறவுக்காரர்கள் கூடிப் பேசுகிறார்களாம். ராமுத்தாய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். மாசமில்லை என்றால் வாந்தி எதற்கு என்பார்கள். வாந்திக்குக் காரணம் சொன்னால் பொடி வரும், பொடியைச் சொன்னால் விரல் வரும், விரல் வந்தால் முடிச்சு போகும். எந்தப் பக்கம் போனாலும் பஞ்சம்மாள்தான் நிற்கிறாள்.

ராத்திரிக்குள் தலை சுற்றிப் படுத்தவளை விடிந்ததும் கர்ணன் தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஜெபஷீலா முதலில் பொடிக் கணக்கைத்தான் கேட்டு வாங்கினார்.

"தினமுமா?"

"நுண்ணூட்டம்னு நெனச்சு..." கர்ணன் மென்று விழுங்கினார்.

"சூரியனையே கரைச்சுக் குடிக்க வச்சிருக்கீங்க. ரத்தத்துல சுண்ணாம்புச்சத்து ஏறிக் கிடக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும், தெரியுமா? ஏங்க, உங்க தோட்டத்துல சாம்பல் நோய் வந்தா நுண்ணூட்டத்த மட்டும் ஊத்திக்கிட்டு கை கட்டி நிப்பீங்களா?"

"அதெப்படி? மருந்தடிப்போம்."

"எவ்வளவு?"

"அளவாத்தான். கூடுனா கொடி கருகிரும்ல?"

சொல்லி முடித்ததும் கர்ணனுக்கே உறைத்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும் டாக்டரம்மா" என்றார். கிட்னி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவர் கை ராமுத்தாயின் கட்டில் விளிம்பை விடவே இல்லை.

பொடி நின்றது. பாட்டில் பாட்டிலாக ஊசித் தண்ணீர் ஏறியது. தேறிய பிறகு டாக்டர் மஞ்சள் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். கொஞ்சம் குமட்டத்தான் செய்தது, பொறுத்துக்கொண்டாள். பந்தலிலிருந்த ஓட்டையில் புதுத் தளிர் படர ஆரம்பித்தது. வாந்தி நின்றதால் மசக்கை வதந்தியும் தானாக வற்றிப்போனது. ஒருவேளை கலைந்துவிட்டதோ என்று துக்கம் விசாரிக்க வந்த இரண்டு பேரை மட்டும் ராமுத்தாய் விளக்குமாற்றைக் காட்டி அனுப்பிவைத்தாள். முடிச்சு உரிமை அவளிடமே திரும்பியது. வைகாசி வந்தபோது வீக்கம் பாதி வற்றியிருந்தது. வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அதிகாலையிலும் கொஞ்சம் பேச்சைக் கேட்டன. இடது கை? அது இன்னும் மரக்கட்டைதான்.

கல்யாணத்தன்று மூன்று மணிக்கே எழுந்து, மண்டபத்து அடுப்படியில் வெந்நீரில் கையை ஊறப்போட்டாள். கர்ணன் சமையல்காரர்களிடம், "அவ கையில மருதாணிக் கற, அதான்" என்று தானாகவே போய்ப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

கோயிலில் கெட்டிமேளம் முழங்கியது. சுரேஷ்கண்ணன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். அக்காவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான், பொத்தான் மாட்டிவிட்டதும் சிரிப்பானே, அதே சிரிப்பு. ராமுத்தாய் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால் குனிந்து மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தாள். வலது கை பிடித்தது. இடது கை பிடிப்பது போல் பாசாங்கு செய்தது. கயிறு நழுவியது. மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவியது. அட்சதை மழையாக விழுந்தது. மேளக்காரர் அவளையே பார்த்து அடித்தார். நாதஸ்வரக்காரர் கன்னம் வெடிக்கும் போலிருந்தது. அட்சதை தீர்ந்துபோய் ஆட்கள் மாலையிலிருந்த பூவைப் பிய்த்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். 'ஆத்தா கௌமாரி, ரெண்டே முடிச்சு, அதுக்கப்புறம் இந்தக் கைய நீயே வச்சுக்க' என்று வேண்டினாள். கண்ணில் நீர் முட்டியது.

யுவராணியின் சடைக்கும் மாலைக்கும் நடுவே, யாருக்கும் தெரியாமல், இன்னொரு கை நுழைந்தது. பக்கத்தில் விளக்கேந்தி நிற்கவேண்டிய பஞ்சம்மாள் விளக்கைப் பக்கத்திலிருந்தவளிடம் தள்ளிவிட்டு வந்திருந்தாள். பறிக்க வந்துவிட்டாள் பாவி! ராமுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையைத் தள்ளப் போனாள். தள்ளவில்லை. அந்தக் கையில் வளையல் இல்லை, ஏறாது. முட்டிகள் ஒவ்வொன்றும் நெல்லிக்காய். மோதிர விரல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. முந்தானைக்குள்ளேயே வாழ்ந்த கை. ராமுத்தாயின் கையும் அதுவும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருந்தன.

"வாயப் பொளக்காத. எனக்கு எடது கை வரும்" என்று காதோரம் முணுமுணுத்தாள் பஞ்சம்மாள். "ஒனக்கு?"

"வலதுக்கா."

"அப்பப் பிடி."

ஒருத்தியின் வலதும் இன்னொருத்தியின் இடதும் சேர்ந்து ஒரு முழு நாத்தனார் ஆயின. இழுத்தார்கள், சுற்றினார்கள், நுழைத்தார்கள், மறுபடி இழுத்தார்கள். யுவராணி "ஆ!" என்றாள். மங்கலச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு முடிச்சு போடவேண்டிய இடத்தில் எத்தனை விழுந்தது என்று அந்த கௌமாரிக்கே வெளிச்சம். ராமுத்தாய் நிமிர்ந்தபோது தம்பி கைகூப்பி நின்றான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இருவரும் காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்கள்.

"எத்தன நாளாக்கா?"

"ரெண்டு வருசமா. மஞ்ச மாத்திர."

"ஆட்டுச் சந்தைன்னு தேனிக்குப் போவியே, அது..."

"ஜெபஷீலா டாக்டரு."

ராமுத்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப, ஏன்க்கா என் வயித்துல புள்ளைன்னு ஊரெல்லாம் சொன்ன?"

"பின்ன என்னத்தச் சொல்ல? ஒங் கையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. மூட்டு வியாதின்னு வெளிய வந்தா, குடும்ப வியாதியான்னு அடுத்து எங் கையத்தான் பாப்பாக. வாந்தி எடுத்த, வசதியாப் போச்சு."

"சரி, முடிச்சு போடணும்னு அந்தக் குதி குதிச்சியே? நான் சரின்னு விட்டுக்குடுத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"நீ விட்டுக்குடுக்க மாட்டன்னு தெரியும்டி. மூத்தவ கேக்காம இருந்தா, ஏன் கேக்கலன்னு ஊரு கேக்கும்ல?"

ராமுத்தாய்க்குச் சிரிப்பு பீறிட்டது. காபி புரையேறியது. பஞ்சம்மாள் புறங்கையால் அவள் தலையில் தட்டினாள், விரல் மடங்காததால்.

மேடைப் பக்கமிருந்து பெண்ணின் தோழி நதியா வேகமாக வந்தாள். யுவராணி மேடையில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரர் "நேரா வைங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். எவ்வளவு அடக்கம், எவ்வளவு நாணம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"மதினி, தாலி முடிச்சுல அவ தலமுடியும் சேந்து மாட்டிக்கிச்சாம். தலைய நிமித்த முடியல. வந்து எடுத்துவிடுவீகளாம்."

அடுத்த இலையிலிருந்த கர்ணன் துள்ளி எழுந்து இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும், கொடி வெட்டும் கவாத்துக் கத்தரியை உருவினார். "இந்தா, ஒரே வெட்டு!"

"தாலிக்கிட்டக் கத்தரியவா கொண்டுபோறீக!" என்று அக்காவும் தங்கையும் ஒரே குரலில் போட்ட சத்தத்தில் பந்தி முழுவதும் திரும்பியது. கர்ணன் கத்தரியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எல்லாக் கண்களும் இப்போது இவர்கள் மேல். பஞ்சம்மாள் வழக்கம் போல் கைகளை முந்தானைக்குள் இழுத்தாள். ராமுத்தாய் இழுக்கவில்லை. வீங்கிய பத்து விரலையும் இலைக்கு மேலே தூக்கி, எல்லோரும் பார்க்க விரித்தாள்.

"மணி என்ன ஆத்தா?" என்று நதியாவைக் கேட்டாள்.

"ஆறரை, மதினி."

"ஒம்பது ஆகட்டும்னு சொல்லு. அதுக்கு முன்னாடி எங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரு கையும் முழிக்காது."